பெயர் இருக்கிறது, பொருள் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களுக்கு ஒரு பொருளடைவு தயாரிக்கத் தொடங்கினோம். கைக்குக் கிடைத்த ஒவ்வோர் இதழையும் பிரித்து, படைப்பின் தலைப்பு, எழுதியவர், வகை, இதழின் பெயர், வெளியான மாதமும் ஆண்டும், பக்க எண் என ஆறு செய்திகளைக் கணினியில் ஏற்றுவது திட்டம். ஒரு நிறுவனம் தன் கணினியில் இடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, தொட்டால் பொடியும் தாள்களைப் புரட்டி, தும்மிக்கொண்டே தட்டச்சு செய்தோம்.

ஒருநாள் ஓர் ஆய்வு மாணவியிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட ஒரு சிறுகதை முதலில் எந்த இதழில் வெளியானது என்று கேட்டிருந்தார். தேடினோம். பதிவு இல்லை என்றது கணினி. நாங்கள் பார்த்த இதழ்களில் அக்கதை வரவில்லை என்று பதில் எழுதிவிட்டோம். ஏழு மாதங்கள் கழித்து, எங்களில் ஒருவர் வேறு எதற்கோ ஒரு பழைய இதழைப் புரட்டியபோது அதே கதை அவர் கண்ணில் பட்டது. அந்த இதழைக் கணினியில் ஏற்றியவரும் அவரேதான். கதைத் தலைப்பைத் தட்டச்சு செய்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மீண்டும் தேடினோம். மீண்டும் 'இல்லை' என்றே பதில் வந்தது.

ஏற்றிய பதிவு எங்கே போயிற்று? இந்தக் கேள்வியோடு அலைந்தபோது நாங்கள் தெரிந்துகொண்ட ஒரு சிறு வரலாற்றையே இங்கு எழுதுகிறோம். கணினித் துறையைச் சேர்ந்ததாயினும், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றியது என்பதால் இலக்கிய வாசகர்களுக்கு அந்நியமாக இராது என்று நம்புகிறோம்.

நிகண்டும் தரவுத்தளமும்

தரவுத்தளத்தில் செய்திகள் அட்டவணைகளாக இருக்கின்றன. நெடுவரிசைகள், வரிகள் என நாம் தாளில் கோடு போட்டு வரைவது போன்ற அதே அட்டவணைதான். ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரு பெயர், ஓர் உரிமையாளர். அந்த அட்டவணையை இன்னொரு பெயராலும் அழைக்க வழி செய்வதற்குப் பெயர் 'சினானிம்'.

இச்சொல்லைக் கேட்டவுடன் நமக்குத் திவாகரமும் பிங்கலமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நிகண்டில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் சமமானவை. ஒவ்வொன்றும் பொருளை நேரடியாகச் சுட்டும். தரவுத்தளத்தின் சினானிம் அப்படிப்பட்டதன்று. அதற்குள் ஒரு வரிகூடத் தரவு கிடையாது. 'என்னைக் கேட்டால் இன்னாரிடம் போ' என்ற ஒற்றைக் குறிப்பு மட்டுமே அதில் உண்டு. ஆகவே இலக்கிய உலகில் இதற்கு நெருங்கிய உறவு புனைபெயர்தான். புதுமைப்பித்தன் என்ற பெயருக்கு வந்த கடிதம் சொ. விருத்தாசலத்தின் வீட்டுக்குப் போய்ச் சேருமல்லவா, அதுபோல. இக்கட்டுரையில் அதை மாற்றுப்பெயர் என்றே குறிப்பிடுகிறோம்.

வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டால் கடிதம் என்னவாகும் என்பதுதான் கேள்வி. அதற்கு முன், இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

இடம் தெரியாமல் கேட்கும் உரிமை

1960களில் தரவைத் தேடுவது என்பது அது இருக்கும் இடத்துக்கு வழி தெரிந்து நடந்துபோவதாக இருந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐ.டி.எஸ். என்ற அமைப்பில், ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் செல்லும் சுட்டிகளைப் பின்பற்றியே நிரல் எழுதுபவர் பயணம் செய்தார். 1973இல் டூரிங் பரிசு பெற்றபோது பாக்மன் ஆற்றிய உரையே நிரலாளரை மாலுமியாக உருவகித்தது. அப்போலோ விண்வெளித் திட்டத்தின் உதிரிபாகப் பட்டியலுக்காக உருவாகத் தொடங்கிய ஐ.பி.எம்.மின் ஐ.எம்.எஸ். அமைப்பில் பதிவுகள் மரக்கிளைகளைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. கிளையை இடம் மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்களையும் திருத்த வேண்டும்.

இதை மறுத்தவர் எட்கர் காட். இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையை ஒட்டிய போர்ட்லண்ட் தீவில் 1923இல் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி, பின்னர் ஐ.பி.எம்.மில் சேர்ந்த கணிதவியலாளர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் எளிமையானது. தரவு கணினிக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய சுமை பயன்படுத்துபவர் மேல் விழக்கூடாது. அவர் தனக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதும். எங்கிருந்து, எவ்வழியே எடுப்பது என்பது அமைப்பின் பொறுப்பு.

இக்கருத்தைச் செயலில் காட்ட ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் 1970களின் நடுவில் 'சிஸ்டம் ஆர்' திட்டம் நடந்தது. டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வெளியிட்ட 'சீக்வல்' என்ற வினவு மொழி, அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக் குறியாக இருந்ததால், பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. பெயர்களைப் பற்றிய நம் கதையில், அந்த மொழியே பெயர் மாறிய ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிஸ்டம் ஆரில் நம் நோக்கில் முக்கியமான முடிவு ஒன்று இருந்தது. எந்தெந்த அட்டவணைகள் உள்ளன, அவற்றில் என்னென்ன நெடுவரிசைகள், யார் உரிமையாளர் என்ற விவரங்களையும் அட்டவணைகளாகவே வைத்தார்கள். ஆகவே தரவைக் கேட்கும் அதே மொழியில் தரவைப் பற்றியும் கேட்கலாம். தரவைப் பற்றிய இந்தத் தரவைத்தான் மெட்டாடேட்டா என்கிறோம். மீதரவு என்று தமிழில் சொல்லலாம்.

பிறந்த ஊர்

ஒரே கணினியில் எல்லாம் இருந்தவரை பெயர்ச் சிக்கல் சிறியது. இரண்டு பேர் தத்தம் அட்டவணைக்கு ஒரே பெயரை வைத்துவிட்டால், உரிமையாளர் பெயரை முன்னால் சேர்த்துப் பிரித்தறியலாம். ஒவ்வொரு முறையும் அதை எழுதுவது சலிப்பாக இருந்தால் ஒரு மாற்றுப்பெயர் வைத்துக்கொள்ளலாம். தரவு பல ஊர்களில் உள்ள கணினிகளுக்குப் பரவியபோதுதான் சிக்கல் பெரிதாயிற்று. சிஸ்டம் ஆரைத் தொடர்ந்து அதே ஆய்வகத்தில் நடந்த 'ஆர் ஸ்டார்' திட்டத்தில், புரூஸ் லிண்ட்சே 1980-81 வாக்கில் முன்வைத்த தீர்வு இன்று படித்தாலும் வியப்பளிக்கிறது.

ஒவ்வோர் அட்டவணைக்கும் நான்கு பகுதிகள் கொண்ட முழுப்பெயர் ஒன்றை அவர் வகுத்தார். உருவாக்கியவர் பெயர், அவர் இருந்த இடம், அட்டவணையின் பெயர், அட்டவணை முதலில் வைக்கப்பட்ட இடம். கடைசிப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'பிறந்த இடம்' என்பதே. அட்டவணை பிற்பாடு எந்த ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் முழுப்பெயர் மாறாது. பிறந்த இடத்தில் உள்ள பதிவேடு மட்டும், 'அது இப்போது இன்ன ஊரில் இருக்கிறது' என்று தன் குறிப்பைத் திருத்திக்கொண்டே இருக்கும். ஆகவே எங்கிருந்து தேடினாலும் முதலில் பிறந்த ஊரைக் கேட்டு, அது காட்டும் ஊருக்குப் போனால் போதும். வெளியூர்ப் பயணம் இரண்டுக்கு மேற்படாது.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க ஒரே எழுத்து போதும். உ.வே.சா.வின் பெயரில் முதலில் நிற்கும் 'உ' உத்தமதானபுரம். அவர் கும்பகோணத்திலும் சென்னையிலும் ஆசிரியராக இருந்தார். பெயரில் நின்ற ஊர் மாறவில்லை. லிண்ட்சேயின் திட்டம் ஏறத்தாழ அதுதான். ஆனால் உத்தமதானபுரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஐயர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று நாள்தோறும் குறித்துவைக்கிறார் என்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பகுதிப் பெயரை யாரும் அன்றாடம் எழுத முடியாது. எனவே பயனர் ஒவ்வொருவரும் தமக்கென்று சிறிய மாற்றுப்பெயர்களை வைத்துக்கொண்டார்கள். அவற்றை முழுப்பெயராக விரித்துக்கொள்வது அமைப்பின் வேலை. மாற்றுப்பெயர் சுருக்கமானது, மாறக்கூடியது. அதன் பின்னால் மாறாத முழுப்பெயர். அதன் பின்னால் நடமாடும் பொருள். மூன்று அடுக்குகள் தெளிவாகப் பிரிந்திருந்தன.

ஆர் ஸ்டார் ஓர் ஆய்வுத் திட்டமாகவே நின்றது. அதன் நடுவடுக்கு, அதாவது பொருளைத் தொடர்ந்து கண்காணிக்கும் பிறந்த ஊர்ப் பதிவேடு, வணிகத் தரவுத்தளங்களின் மாற்றுப்பெயருக்குப் பின்னால் வந்து சேரவில்லை. அங்கே எஞ்சியது பெயரும் அது சுட்டும் இன்னொரு பெயருமே.

இரண்டு மரபுகள்

லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் 1977இல் தொடங்கிய சிறு நிறுவனம், காட்டின் கட்டுரையையும் சிஸ்டம் ஆர் பற்றி வெளிவந்த ஆய்வுரைகளையும் படித்து, 1979இல் ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் பதிப்பை யாரும் வாங்கமாட்டார்கள் என்று கருதி அதற்கு 'பதிப்பு 2' என்று பெயரிட்டார்கள். ஐ.பி.எம். தன் டிபி2 தரவுத்தளத்தை அறிவித்தது 1983இல்.

இவ்விரண்டும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை சொல்லின. அட்டவணையை அழித்துவிட்டால் அதன் மாற்றுப்பெயர் என்ன ஆகும்?

பெருங்கணினிகளில் ஓடும் டிபி2இல், அட்டவணை அழியும்போது அதன் சினானிம்களும் உடன் அழியும். 'ஏலியஸ்' என்ற இன்னொரு வகைப் பெயர் அங்கு உண்டு. அது மட்டும் அட்டவணை போன பிறகும் நிற்கும். பெயர் பொருளைச் சார்ந்ததா, தனித்து நிற்பதா என்பதைத் தேர்ந்துகொள்ள இரண்டு சொற்களைக் கொடுத்தார்கள்.

ஆரக்கிள் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, தனித்து நிற்கும் வகையைத் தேர்ந்தது. அட்டவணை அழிந்தாலும் மாற்றுப்பெயர் அழியாது. இன்னும் ஒரு படி மேலே போய், சுட்டப்படும் பொருள் இல்லாதபோதே மாற்றுப்பெயரை உருவாக்கவும் அது அனுமதிக்கிறது. உருவாக்கும் நேரத்தில் எந்தச் சோதனையும் கிடையாது. இது கவனக்குறைவு என்று நாங்கள் முதலில் நினைத்தோம். யோசித்தால் இதனால் வரும் வசதி புரிகிறது. அட்டவணை வேறொரு கணினியில் இருக்கலாம். அந்தக் கணினி அந்நேரம் அணைந்திருக்கலாம். ஒரு பெரிய அமைப்பை நிறுவும்போது எதை முதலில் உருவாக்குவது என்ற வரிசைக் கட்டாயம் இல்லாமல் போகிறது. பழைய அட்டவணையை அழித்து அதே பெயரில் புதியதைக் கட்டும்போது, அதை நம்பியுள்ள நூறு மாற்றுப்பெயர்களை மீண்டும் உருவாக்க வேண்டியதில்லை. பெயர் காத்திருக்கும், பொருள் வரும்போது ஒட்டிக்கொள்ளும்.

2005ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றுப்பெயர்களைச் சேர்த்துக்கொண்ட மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் ஏறத்தாழ இதே வழியைப் பின்பற்றியது. பொருள் இருக்கிறதா என்று உருவாக்கும்போது பார்ப்பதில்லை, பயன்படுத்தும்போதே பார்க்கிறது. ஒரு மாற்றுப்பெயருக்கு இன்னொரு மாற்றுப்பெயர் வைக்க மட்டும் அது அனுமதிப்பதில்லை. ஆரக்கிளில் அதுவும் முடியும். ஒன்று இரண்டைச் சுட்ட, இரண்டு மீண்டும் ஒன்றையே சுட்டினால், அச்சுழலை அறிவிப்பதற்கென்றே 01775 என்ற எண்ணில் ஒரு பிழைச்செய்தி வைத்திருக்கிறார்கள். எஸ்.க்யூ.எல். மொழியின் பொதுத் தரநிலையோ மாற்றுப்பெயர் என்ற ஒன்றையே வரையறுக்கவில்லை. இதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் செல்ல நேர்ந்தது.

ஆரக்கிள் பயன்படுத்தும் எல்லோரும் அறிந்த 'டூவல்' என்ற பெயரே இத்தகைய ஒரு மாற்றுப்பெயர்தான். அமைப்பின் உரிமையாளரான 'சிஸ்' என்ற பயனரின் சிறிய அட்டவணையை அது சுட்டுகிறது. தொடக்கத்தில் அதில் இரண்டு வரிகள் இருந்ததால் இரட்டை என்று பொருள்படும் அப்பெயர் வந்தது. பின்னர் ஒரே வரி ஆயிற்று. பொருள் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை.

அகராதியைக் கேட்டல்

1985 அக்டோபரில் காட் 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' இதழில் இரு பகுதிகளாக ஒரு கட்டுரை எழுதினார். தம் கருத்தைப் பெயரளவில் மட்டும் ஏற்றுக்கொண்டு, தங்கள் சரக்கையும் அப்பெயராலேயே விற்றுவந்தவர்களைச் சோதிக்கும் நோக்கில் அதில் பன்னிரண்டு விதிகளை வகுத்தார். அவற்றில் நான்காவது விதி நம் கதைக்குரியது. தரவுத்தளம் தன்னைப் பற்றிய விவரங்களையும் சாதாரணத் தரவைப் போலவே அட்டவணைகளில் வைத்திருக்க வேண்டும். உரிமையுள்ள எவரும் அதே மொழியில் அவற்றை வினவ முடிய வேண்டும். சிஸ்டம் ஆரில் வசதியாக இருந்ததை அவர் கடமையாக்கினார்.

இந்தக் கடமையினால்தான் மாற்றுப்பெயர்களைச் சோதிப்பது இயலும் காரியமாகிறது. ஆரக்கிளின் தரவு அகராதியில் 'ஆல்_சினானிம்ஸ்' என்றொரு பட்டியல் உண்டு. மாற்றுப்பெயரின் உரிமையாளர், மாற்றுப்பெயர், சுட்டப்படும் பொருளின் உரிமையாளர், பொருளின் பெயர், வேறு கணினியில் இருந்தால் அதற்கான இணைப்பு ஆகியவை அதில் இருக்கும். எல்லாப் பொருள்களின் பட்டியல் 'ஆல்_ஆப்ஜெக்ட்ஸ்'. முதல் பட்டியலை இரண்டாவதோடு ஒப்பிட்டு, முதலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவற்றை எடுத்தால், பொருளற்ற பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே வினவலில் முடிகிற வேலை.

ஆனால் அந்த வரிசையை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலாவதாக, 'ஆல்' என்று தொடங்கும் பட்டியல்கள் கேட்பவருக்குப் பார்க்க உரிமை உள்ளவற்றை மட்டுமே காட்டும். உரிமை இல்லாத அட்டவணை அவர் கண்ணுக்கு இல்லாத அட்டவணையே. எல்லாவற்றையும் காண 'டிபிஏ' என்று தொடங்கும் பட்டியல்கள் வேண்டும்; அவை நிர்வாகியிடம் இருக்கும். நேரடியாக அட்டவணையைக் கேட்டாலும் இதே மயக்கம்தான். பொருள் போய்விட்ட மாற்றுப்பெயருக்கு 00980 என்ற பிழை எண் உண்டு. இல்லாத அட்டவணைக்கு 00942. ஆனால் இருந்தும் பார்க்க உரிமை இல்லாத அட்டவணைக்கும் வருவது அதே 00942தான். 'இருக்கிறது, உனக்குக் காட்டமாட்டேன்' என்று சொன்னால் இருப்பது தெரிந்துவிடுமே!

இரண்டாவதாக, இணைப்பு வழியே வேறு கணினியைச் சுட்டும் பெயர்களை இங்கிருந்தபடி சோதிக்க முடியாது. அந்தக் கணினியின் அகராதியைத்தான் கேட்க வேண்டும். ஆர் ஸ்டாரின் பிறந்த ஊர்ப் பதிவேடு இருந்திருந்தால் என்று எண்ணத் தோன்றும் இடம் இது.

மூன்றாவது ஒரு வேடிக்கை. ஆல்_சினானிம்ஸ் பட்டியலில் பொருளின் பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு 'அட்டவணைப் பெயர்' என்றே தலைப்பிட்டிருக்கிறார்கள். அங்கே இருப்பது அட்டவணையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேறொரு மாற்றுப்பெயராகவோ, நிரலாகவோ இருக்கலாம். பெயர்களைச் சரிபார்க்கும் பதிவேட்டிலேயே ஒரு பெயர் சரியில்லை. போதாக்குறைக்கு, ஆல்_சினானிம்ஸ் என்று நாம் அழைப்பதும் சிஸ் பயனரின் பட்டியலுக்கு வைக்கப்பட்ட ஒரு பொது மாற்றுப்பெயர்தான்.

இருந்தும் இல்லாதவை

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. 2001இல் தோன்றி ஜாவா நிரலாளர்களிடையே பரவலான 'ஹைபர்னேட்' போன்ற கருவிகள், நிரல் தொடங்கும்போதே தமக்கு வேண்டிய அட்டவணைகள் எல்லாம் உள்ளனவா என்று சோதிக்க வல்லவை. அதற்காக அவை தரவுத்தளத்திடம் மீதரவைக் கேட்கின்றன. அட்டவணைக்குப் பதிலாக அதன் மாற்றுப்பெயரைக் கொடுத்திருந்தால், அட்டவணையைக் காணவில்லை என்று சொல்லி நிரல் தொடங்காமலே நின்றுவிடும். அதே பெயரை வைத்துக் கையால் வினவினால் தரவு வந்து கொட்டும்.

காரணம் எளிது. நெடுவரிசைகளின் பட்டியலில் அட்டவணையின் உண்மைப் பெயரே இருக்கும். புனைபெயரைச் சொல்லி நெடுவரிசைகளைக் கேட்டால் ஒன்றுமே வராது. முதலில் மாற்றுப்பெயரை அதன் பொருள்வரை பின்தொடர்ந்து, கிடைத்த உண்மைப் பெயரைக் கொண்டு மீண்டும் கேட்க வேண்டும். இடையில் நிற்கும் ஆரக்கிள் இயக்கி இந்த இரண்டாவது நடையைத் தானாகச் செய்வதில்லை. ஆரக்கிளில் அமைப்பே உருவாக்கும் பொது மாற்றுப்பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், ஒவ்வொரு முறையும் அவற்றை அலசினால் வேகம் குறையும். வேண்டுமென்று வெளிப்படையாகச் சொன்னால் மட்டுமே செய்யும்.

எங்கள் அட்டவணை

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் பொருளடைவுக்குத் திரும்பினோம். தேடல் பக்கம் பயன்படுத்திய பெயர் 'படைப்புகள்'. அது ஒரு மாற்றுப்பெயர் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலே சொன்ன வினவலைக் கொடுத்தோம். பொருளற்ற பெயர்களின் வரிசையில் அது வரவில்லை. அதாவது, செல்லுபடியாகும் மாற்றுப்பெயர். அது சுட்டும் அட்டவணை இருந்தது, உரிமை இருந்தது, பிழைச்செய்தி எதுவும் இல்லை. நிர்வாகி, 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்றார்.

பிறகு அந்த அட்டவணையின் நெடுவரிசைகளைப் பட்டியலிட்டோம். ஆறு இருந்தன.

ஏழு இருந்திருக்க வேண்டும். ஒரே எழுத்தாளர் பல பெயர்களில் எழுதிய படைப்புகள் சேரச்சேர, 'புனைபெயர்' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துத் தருமாறு நிறுவனத்தைக் கேட்டு வாங்கியிருந்தோம். அது சேர்ந்த பிறகு நாங்கள் ஏற்றிய ஒவ்வொரு பதிவிலும் அதை நிரப்பியும் இருந்தோம். அப்படியானால் எங்கள் பெயருக்குப் பின்னால் நின்றது வேறொரு அட்டவணை. மேலும் தேடியபோது விவரம் வெளிவந்தது. நெடுவரிசையைச் சேர்க்கும்போது ஏழு நெடுவரிசைகளோடு ஒரு புதிய அட்டவணையைக் கட்டி, பழைய பதிவுகளை அதில் நகலெடுத்து, தட்டச்சுப் படிவத்தை அதற்கு மாற்றியிருக்கிறார்கள். பழையதைப் பாதுகாப்புக்காக அழிக்காமல் வைத்திருந்தார்கள். மாற்றுப்பெயரைத் திருப்ப மறந்துவிட்டார்கள். அன்று முதல் நாங்கள் எழுதியது ஓர் ஏட்டில், படித்தது இன்னோர் ஏட்டில்.

பழைய அட்டவணையை அழித்திருந்தால் முதல் நாளே பிழை தெரிந்திருக்கும். பாதுகாப்புக்காக வைத்ததே ஏழு மாதம் எங்களை ஏமாற்றியது. பொருள் இல்லாத பெயர் தன் குற்றத்தைத் தானே அறிவிக்கிறது. தவறான பொருளைச் சுட்டும் பெயர், கேட்டதற்கெல்லாம் அமைதியாக விடை சொல்லிக்கொண்டே இருக்கிறது. செல்லுபடியாகிறதா என்ற சோதனை முதல் வகையை மட்டுமே பிடிக்கும். இரண்டாவதைப் பிடிக்க, பின்னால் நிற்கும் அட்டவணையின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் நெடுவரிசைகள் எவை, அது உருவான நாள் எது, கடைசியாக அதன் அமைப்பு மாறிய நாள் எது, யாராவது குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்களா.

அந்த முகத்திலும் சில கோடுகள் பழையவை. ஆரக்கிள் அகராதியில் ஓர் அட்டவணையின் வரிகளின் எண்ணிக்கை இருக்கும். அது இன்றைய எண்ணிக்கை அன்று. கடைசியாக அட்டவணையை ஆராய்ந்து புள்ளிவிவரம் எடுத்தபோது இருந்தது. எந்த நாளில் எடுத்தது என்று பக்கத்திலேயே இன்னொரு நெடுவரிசை சொல்லும். நாளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது, ஒரு நூலின் பதிப்பாண்டைப் பார்க்காமல் அதிலிருந்து மேற்கோள் காட்டுவது போன்றது.

மாற்றுப்பெயரைப் புதிய அட்டவணைக்குத் திருப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதை உடனே கிடைத்தது. இதழின் பெயர், மாதம், பக்கம் எல்லாம் குறித்து, எங்கள் தவறுக்கு வருத்தம் தெரிவித்து மாணவிக்கு எழுதினோம். நன்றி கூறிப் பதில் எழுதியிருந்தார். ஆய்வேட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டதாகவும், அக்கதையின் முதல் வெளியீடு கிடைக்கவில்லை என்று எங்கள் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி எழுதியிருப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்த ஆய்வேடு ஏதோ ஒரு நூலகத்தில் இருக்கிறது. அடுத்து அதைப் படிப்பவர் அந்த வரியை நம்பித் தேடாமல் விடக்கூடும்.

இப்போது மாதம் ஒருமுறை 'படைப்புகள்' என்ற பெயர் எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று பார்த்து, அதன் நெடுவரிசைகளை எங்களிடம் உள்ள தாளோடு ஒப்பிடுகிறோம். தேடல் பக்கத்தில் ஒரு வரியையும் மாற்றினோம். முன்பு 'பதிவு இல்லை' என்று இருந்த இடத்தில், எந்த அட்டவணையில் தேடினோம், அதில் கடைசிப் பதிவு எந்த நாளில் ஏறியது என்ற இரண்டையும் சொல்லி, அதில் கிடைக்கவில்லை என்று மட்டும் இப்போது வருகிறது.